அடித்துக் கேட்டால் வரும் பதில்: விசாரணைச் சித்திரவதை குறித்து ஓர் அறிமுகம்

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டில் நகை காணாமல் போனால், புகார் எழுதி முடிப்பதற்குள்ளாகவே, வேலைக்கு வரும் பெண்ணையோ வண்டி ஓட்டும் பையனையோ குறிப்பிட்டு, 'ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாலு தட்டு தட்டினால் உண்மை தானாக வந்துவிடும்' என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நகையைப் பறிகொடுத்தவர் மீது உண்மையான இரக்கம் கொண்டவராகவே இருப்பார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. சந்தேகிக்கப்படுபவரிடம் உண்மை இருக்கிறது என்பது ஒன்று. வலி அதை வெளியே கொண்டுவரும் என்பது மற்றொன்று. முதலாவதைக் கண்டறியத்தான் விசாரணையே நடக்கிறது என்பதால், அதை முன்கூட்டியே உண்மையென்று வைத்துக்கொண்டு தொடங்குபவர் எதைத்தான் விசாரிக்கப் போகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது நம்பிக்கையையோ, உலகின் பல சட்ட மரபுகள் நெடுங்காலம் கடைப்பிடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கின்றன.

1984 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, சித்திரவதைக்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது. உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான வலி அல்லது துன்பம் ஏற்பட வேண்டும். அது வேண்டுமென்றே செய்யப்பட வேண்டும். தகவலோ ஒப்புதல் வாக்குமூலமோ பெறுவது, தண்டிப்பது, மிரட்டுவது போன்ற ஒரு நோக்கம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். அதைச் செய்பவர் அரசு அதிகாரியாகவோ, அவருடைய தூண்டுதலாலோ இசைவாலோ செயல்படுபவராகவோ இருக்க வேண்டும். தெருச் சண்டையில் விழும் அடி இந்த வரையறைக்குள் வராது. மாறாக, ஒருவரைத் தொடாமலேயே, 'உன் அம்மாவையும் தங்கச்சியையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைப்போம்' என்று இரவு முழுவதும் தூங்கவிடாமல் மிரட்டிக்கொண்டிருப்பது இதற்குள் வரக்கூடும். காயம் தெரியாவிட்டால் சித்திரவதை இல்லை என்ற பொதுவான எண்ணம் சட்டப்படி தவறு.

இம்முறையின் பழமை நமக்கு வியப்பளிக்கலாம். அதைப் பற்றிய ஐயமும் அதே அளவுக்குப் பழமையானது என்பதுதான் இன்னும் கவனிக்கத்தக்கது. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் பகுதியில், வாய்மொழி விசாரணையையும் வதைத்து விசாரிப்பதையும் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் உண்டு. குற்றம் செய்திருப்பார் என்று வலுவாகத் தோன்றுபவரை வதைக்கலாம் என்று அனுமதிக்கும் அதே அத்தியாயம், திருடாத மாண்டவ்யர் வலிக்கு அஞ்சித் தன்னைத் திருடன் என்று ஒப்புக்கொண்ட கதையைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கவும் செய்கிறது. ரோமச் சட்ட அறிஞர் உல்பியனும், சித்திரவதை நம்பத்தகாதது, ஆபத்தானது, உண்மையை ஏமாற்றக்கூடியது என்ற பொருளில் எழுதினார். வலியைத் தாங்கவல்லவர் எதையும் சொல்லமாட்டார், தாங்கமாட்டாதவர் எந்தப் பொய்யையும் சொல்லிவிடுவார் என்பதே அவர் காட்டிய காரணம். ஆயினும் ரோமானிய நீதிமன்றங்கள் அடிமைகளை வதைத்துச் சாட்சியம் பெறுவதை நிறுத்தவில்லை. எச்சரிக்கையை ஏட்டில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடர்வது நமக்கும் புதிதல்ல.

இடைக்கால ஐரோப்பாவில் சித்திரவதை பரவிய விதத்தில் ஒரு முரண் இருக்கிறது. கடவுளின் தீர்ப்பை அறிய நெருப்பையும் நீரையும் கொண்டு நடத்திய சோதனைகளில் பாதிரியார்கள் பங்கேற்பதை 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் தடைசெய்தது. கடவுள் விலகிய இடத்தில் மனித நீதிபதி அமர வேண்டியிருந்ததால், அவர் மனம்போன போக்கில் உயிரைப் பறித்துவிடாதபடி மிகக் கறாரான சான்று விதி உருவாயிற்று: கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லையேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் தனியிடத்தில் நடந்த கொலைக்கு இரண்டு சாட்சிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்? எனவே எஞ்சியது ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே, அதைப் பெறும் வழியாகச் சித்திரவதை சட்டத்துக்குள் இடம்பிடித்தது. வதைக்கும் இடத்தில் ஒப்புக்கொண்டதைப் பின்னர் வலியில்லாத நிலையில் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்றுகூட விதி இருந்தது. ஆனால் மறுத்தால் மீண்டும் வதைக்கலாம் என்பதால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. 1740-இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் சித்திரவதையைப் பெருமளவு கட்டுப்படுத்தினார். குற்றவாளியாயினும் உடல் வலுவுள்ளவன் தப்பிவிடுகிறான், குற்றமற்றவனாயினும் பலவீனன் சிக்கிக்கொள்கிறான் என்று 1764-இல் இத்தாலியின் பெக்காரியா வாதிட்டார். பிரான்ஸ் 1780-இலும் 1788-இலும் இரண்டு கட்டமாக அதைக் கைவிட்டது. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே தண்டிக்கலாம் என்ற நிலை இதற்குள் ஏற்பட்டிருந்ததும் இந்த மாற்றத்துக்கு உதவியது: ஒப்புதலின் தேவை குறைந்தபோது வதையின் தேவையும் குறைந்தது.

ஐரோப்பா தன் நீதிமன்றங்களிலிருந்து சித்திரவதையை வெளியேற்றிய பிறகும், அது ஆண்ட நிலங்களில் நிலைமை வேறாக இருந்தது. ஆர்க்காடு நவாபின் ஆட்சிப்பகுதி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு அமைந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகர்; வேலூர் அந்த இடத்துக்கு வந்தது 1911-இல்தான். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு சென்னை மாகாணம் முழுவதும், நிலவரி வசூலும் காவல் பணியும் ஒரே அதிகாரிகளிடம் குவிந்தன. கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவர், கிஸ்தி வாங்க வரும் சேவகரே திருடனைப் பிடிக்கவும் வருவார். ஒரு குடியானவர் வரி கட்டவில்லை என்றாலும், அவர் மீது திருட்டுச் சந்தேகம் எழுந்தாலும், அவரைப் பிடித்துச் செல்லும் கை ஒன்றே.

அந்தக் கை என்ன செய்தது என்பது உலகுக்குத் தெரியவந்ததில் சென்னையைச் சேர்ந்த கஜுலு லட்சுமிநரசு செட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1852-இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவிய அவர், மறு ஆண்டு இங்கு வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டேன்பி சீமோரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று மக்களின் வாயாலேயே கேட்கச் செய்தார். 1854-இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் இது விவாதமாக வெடித்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் சென்னையில் அமைக்கப்பட்டது. ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து முறையிட்டார்கள். இரயில் இல்லாத அக்காலத்தில், தங்களை வதைத்த அதிகாரிகள் ஊரில் அதே பதவியில் இருக்கும்போதே, நெடுந்தொலைவு கடந்து வந்து சொன்னவர்கள் அவர்கள். 1855-இல் வெளியான அறிக்கை, மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறது என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்துதல், உண்ணவோ வெளியே ஒதுங்கவோ விடாமல் அடைத்து வைத்தல் ஆகியவை அதில் பதிவாகியிருக்கின்றன.

அந்த அறிக்கை ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்றும், மக்கள் முறையிடுவதெல்லாம் தம் நாட்டவரான சிறு அதிகாரிகளின் கொடுமையைப் பற்றித்தான் என்றும் முடிவுகட்டியது. இந்த முடிவு ஆட்சியாளருக்கு மிகவும் வசதியானது என்றே எனக்குத் தோன்றுகிறது. வரியின் அளவை மேலே இருப்பவர் நிர்ணயிக்கிறார். கிஸ்தி வந்ததா என்று மட்டும் கேட்கிறார். எப்படி வந்தது என்று கேட்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு, நிலத்திலிருந்து எதுவும் கிடைக்காதபோதும் தொகை குறையாமல் வந்து சேர்ந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கேள்வி கேட்காமல் இருப்பதும் ஓர் ஆணைதான்.

வரிக்காக வதைத்தவர்களுக்கு உண்மை தேவைப்படவில்லை, பணம் தேவைப்பட்டது. பணம் வந்ததும் வதை 'பலித்தது' என்று ஆயிற்று. கடன் வாங்கிக் கட்டினாரா, தாலியை விற்றுக் கட்டினாரா என்பது கணக்கில் சேரவில்லை. இதே பழக்கத்தைத் திருட்டு விசாரணைக்குக் கொண்டுசெல்லும்போது, பணத்தின் இடத்தில் 'நான்தான் செய்தேன்' என்ற சொல் வந்து உட்காருகிறது. அதுவும் வந்துவிடும். யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரும்.

ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு சில மாற்றங்கள் விரைவாகவே வந்தன. 1859-இல் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட தனிப் போலீஸ் துறை உருவானது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கி, ஏழாண்டு வரையிலும், கொடுங்காயமாயின் பத்தாண்டு வரையிலும் சிறை விதித்தது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கும் போலீஸ் அதிகாரி, இன்னொன்று வரிப் பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரி. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளவே கூடாது என்றது. இவ்விதி 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாகி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. தன் காவலர்களிடம் சொன்னதை நம்பமாட்டேன் என்று ஓர் அரசே சட்டம் எழுதி வைத்திருப்பது சாதாரணச் செய்தியல்ல.

அப்படியானால் அடிப்பதால் போலீசுக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். விடை அதே சட்டத்தின் பழைய 27-ஆம் பிரிவில் இருக்கிறது. காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய அளவுக்கு அந்தத் தகவலைச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது அப்பிரிவு. 'செயினை நான்தான் அறுத்தேன்' என்பது செல்லாது. 'செயினை இந்த இடத்தில் புதைத்திருக்கிறேன்' என்று காட்டி, அங்கே அது கிடைத்தால் அந்தப் பகுதி செல்லும். பொருளே பேசுகிறது என்பதால் இதில் பொய்க்கு இடமில்லை என்பது சட்டத்தின் எண்ணம். பொருள் உண்மையிலேயே அங்கிருந்துதான் கிடைத்ததா, அல்லது எங்கிருந்தோ வந்து மகஜரில், அதாவது போலீசார் எழுதும் கைப்பற்றல் குறிப்பில், ஏறியதா என்ற கேள்வி அந்த எண்ணத்தை ஆட்டம் காணச் செய்கிறது. நகை ரிக்கவரி ஆக வேண்டும் என்ற நெருக்குதல் புகார்தாரரிடமிருந்தும் மேலதிகாரியிடமிருந்தும் ஒருசேர வரும்போது, ஒருகாலத்தில் கிஸ்தி இருந்த இடத்தில் இன்று நகை இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீசாரின் தாக்குதலில் இறந்த வழக்கு சிபிஐ வரை சென்றது. வேலூரிலும், சிறை உயரதிகாரி ஒருவரின் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஆயுள் கைதி, அங்கே திருடியதாகச் சொல்லித் தனிமையில் அடைத்துத் தாக்கப்பட்டதாக அவருடைய தாயார் உயர் நீதிமன்றத்தை அணுக, 2024-இல் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவாயிற்று.

போலீஸ் காவலில் இருந்தவர் 'குளியலறையில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில், அவர் விழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற ஒப்புதலும் இருக்கிறது, தெரிந்தும் நமக்குக் கவலையில்லை என்ற அறிவிப்பும் இருக்கிறது. ரவுடிக்குக் கிடைத்தது சரி என்று சொல்பவர்கள், ரவுடி என்று முடிவுசெய்தது யார் என்பதைக் கேட்டுப் பார்ப்பதில்லை. 1911-இலிருந்து சென்னை மாகாணத்தில் செயல்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பல சாதிகளைப் பிறப்பாலேயே சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. சட்டம் நீங்கி முக்கால் நூற்றாண்டாகியும், ஊரில் திருட்டு நடந்தால் குறவர், இருளர் குடியிருப்புகளின் கதவு முதலில் தட்டப்படுகிறது என்ற முறையீடு ஓயவில்லை.

போலீசிடம் தரும் வாக்குமூலம் செல்லாது என்ற விதியை அரசு தளர்த்திய காலமும் உண்டு. பயங்கரவாதத் தடுப்புக்காகக் கொண்டுவரப்பட்ட தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. இதன் விளைவை வடார்க்காட்டு மக்கள் அறிவார்கள். ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் 1991-இல் 19 வயதில் கைதுசெய்யப்பட்டு, இராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, வேலூர்ச் சிறையில் நெடுங்காலம் இருந்தார். குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, அவர் வாங்கித் தந்த பேட்டரிகளின் நோக்கம் அவருக்குத் தெரியும் என்பதற்கு அவருடைய வாக்குமூலமே முக்கிய ஆதாரமாக நின்றது. அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே ஓய்வுக்குப் பின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014-இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூடிய அறையில் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் ஆவணத்தில், அடி விழாமலே கூட, ஒரு வாக்கியம் விடுபட்டால் போதும் என்பதற்காகத்தான் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

சித்திரவதையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. நகரில் எங்கோ வெடிகுண்டு வைக்கப்பட்டிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வெடிக்கும், வைத்தவன் நம் பிடியில் இருக்கிறான். ஆயிரம் பேரைக் காக்க ஒருவனை வதைக்கக் கூடாதா? இதற்குக் 'கூடும்' என்று பதில் சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால் இக்கதையில் எத்தனை விஷயங்கள் இலவசமாகத் தரப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்: பிடிபட்டவன்தான் குண்டு வைத்தவன் என்பது உறுதி, அவனுக்கு இடம் தெரியும் என்பது உறுதி, வதைத்தால் அவன் சொல்வான் என்பது உறுதி, சொல்வது மெய்யாயிருக்கும் என்பதும் உறுதி. இத்தனையும் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியை உண்மை வாழ்க்கையில் காண்பது அரிது. தவிர, ஒரு மணி நேரம் மட்டும் தாங்கினால் போதும் என்று தெரிந்தவனுக்கு, தவறான ஒரு முகவரியைச் சொல்லிக் காலம் கடத்துவது எளிது.

உண்மையில் நடந்தவை அந்தக் கதையைப் போல இல்லை. இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி எகிப்தில் வதைக்கப்பட்டபோது, ஈராக் அல்-கைதாவுக்கு இரசாயன ஆயுதப் பயிற்சி அளித்ததாகச் சொன்னார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் போருக்கு ஆதரவாகப் பேசியபோது அத்தகவலும் அதில் இடம்பெற்றது. 2004-இல் அல்-லிபி அதை மறுத்துவிட்டார். அதற்குள் போர் தொடங்கிப் பல மாதங்கள் கடந்திருந்தன. கேட்பவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதையே அவர் தந்திருந்தார். சிஐஏ நடத்திய விசாரணைகளை ஆராய்ந்து 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க மேலவைக் குழுவின் அறிக்கை, அவ்வமைப்பு தன் வெற்றிகளாக அடிக்கடி முன்வைத்த 20 நிகழ்வுகளைச் சரிபார்த்து, அந்தக் கூற்றுகள் நிற்கவில்லை என்றது. மூளை குறித்த ஆய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன: தூக்கமின்மையும் கடும் அச்சமும் நினைவைக் கூர்மையாக்குவதில்லை, குலைக்கின்றன, உண்மையைச் சொல்ல விரும்புபவராலும் அதைச் சரியாக நினைவுகூர முடியாமல் போகிறது.

இருந்தாலும், 'பயன் இல்லை, ஆகவே கூடாது' என்ற வாதத்தோடு நின்றுவிடுவது போதாது. அப்படியானால் பயன் இருக்கும் அபூர்வமான இடத்தில் கூடும் என்று ஆகிவிடும். அறநெறியாளர்கள் சொல்லும் காரணம் வேறு. போரில்கூட ஆயுதத்தைக் கீழே போட்டவரைத் தாக்கக் கூடாது என்கிறோம். சித்திரவதைக்கு உள்ளாகுபவரோ தொடக்கம் முதலே கட்டுண்டவர், எதிர்க்க வழியற்றவர். சரணடையும் வழியும் அவருக்கு இல்லை என்று அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1978-இல் சுட்டிக்காட்டினார்: தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன் என்பதை அவர் எப்படி நிரூபிப்பார்? எதுவும் தெரியாதவரின் நிலை இன்னும் மோசம். தெரிந்தவர் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லலாம், தெரியாதவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. மேலும், மனிதனின் சொந்த உடலையே அவன் மனசாட்சிக்கு எதிரான கருவியாக்கி, நண்பனையோ தன்னையோ காட்டிக்கொடுக்க வைப்பது வலியைக் காட்டிலும் ஆழமான இழிவு.

இங்கிலாந்தின் அனுபவம் மாற்று வழியைக் காட்டுகிறது. 1974-ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வரும், பர்மிங்காம் அறுவருள் நால்வரும் கட்டாயத்தின் பேரில் ஒப்புக்கொண்டவர்கள். 1989-இலும் 1991-இலும் இவ்விரு குழுவினரின் தண்டனைகளும் இரத்தாயின. அதற்குள் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்வது அங்கே வழக்கமாகியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில், ஒப்புக்கொள்ள வைப்பதைக் குறிக்கோளாகக் கொள்ளாமல், திறந்த கேள்விகளால் விவரம் சேகரித்து, பின்னர் அதைப் பிற சான்றுகளோடு ஒப்பிடும் முறையில் காவலர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. இதற்கு நேரமும் பொறுமையும் தடயவியல் வசதியும் வேண்டும். ஒரே உதவி ஆய்வாளர் பந்தோபஸ்து, நீதிமன்றம், மனு விசாரணை எல்லாவற்றுக்கும் ஓடும் நிலையில், 'அடிக்காதே' என்று மட்டும் சொல்வது பாதி வேலைதான்.

இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது, இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குப் போய், காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-இல் தன் 273-ஆம் அறிக்கையில் மீண்டும் வலியுறுத்தியும் தனிச் சட்டம் வரவில்லை. எனவே நடைமுறையில் நம்மிடம் இருப்பவை நீதிமன்றத் தீர்ப்புகளே: கைதானவரின் உறவினருக்குத் தெரிவிப்பது, கைதுக் குறிப்பாணை, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா பொருத்தி அதன் பதிவை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொன்ன 2020 டிசம்பர் தீர்ப்பும் அவற்றுள் முக்கியமானவை. கைதாகி 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலோ வேறெங்குமோ ரிமாண்டுக்காக நிறுத்தப்படுபவரிடம், போலீசார் மீது ஏதாவது புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அழைத்துவந்த காவலர் பக்கத்தில் நிற்க அக்கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல என்பதால், அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்குமாறு வழக்கறிஞர் கோரலாம். உடலில் காயம் இருந்தால் அதைப் பதிவுசெய்து மருத்துவரிடம் அனுப்பக் கோரும் உரிமையும் கைதானவருக்கு உண்டு.